நாகசாரி: ஆவியில் ஏற்றுவதற்கு முன்பே நேரும் பிழைகள்

ஜாவாவின் சந்தைத் தின்பண்டங்களில் நாகசாரி எளிதானதாகத் தோன்றும். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்த களியில் ஒரு வாழைப்பழத் துண்டைப் பொதிந்து, வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். புதிதாகக் கற்போர் என் பழைய பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதால் இதை எழுதுகிறேன். சர்க்கரை அளவும் மடிப்பின் அழகும் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாவைக் கிண்டாமல் மடித்தல்

250 கிராம் அரிசி மாவுக்கு 50 கிராம் மரவள்ளி மாவும் சுமார் 1 லிட்டர் தேங்காய்ப்பாலும் போதும். பாதிப் பாலில் மாவைக் கரைத்து, மீதிப் பாலைச் சர்க்கரை, உப்பு, ரம்பை இலையுடன் சூடாக்கி அதில் கரைசலை ஊற்றி, கரண்டியிலிருந்து கனத்து விழும்வரை சிறுதீயில் கிண்ட வேண்டும். ஆவியில் எப்படியும் வெந்துவிடும் என்று பலர் இந்த வேலையைத் தவிர்க்கிறார்கள். அரிசி மாவு பாலில் உண்மையில் கரைவதில்லை, துகள்களாகக் கலந்துதான் நிற்கிறது. போதிய சூடு ஏறிய பிறகே பாலை உறிஞ்சிப் பசையாகிறது. அதற்குள் மாவு அடியில் படிந்து கல்லாகிவிடும், பாலோ மடிப்பின் வழியே ஆவிப் பாத்திரத்துத் தண்ணீரில் கலந்துவிடும். சிலாமத்தான் என்னும், நலம் வேண்டி ஜாவாவில் நடத்தும் ஊர்விருந்துக்கு நாகசாரி செய்துதர ஒப்புக்கொண்ட ஒருவர் இவ்வாறு மொத்தப் பொதிகளையும் கொட்ட நேர்ந்தது. தேங்காய், பழம், இலை, இரவு முழுவதும் செய்த வேலை எல்லாம் வீணாயின. அதற்குப் பின்னும் அவர் இலையில் கிழிசல் இருந்ததென்றே சொன்னார்; எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்தச் சமாதானம்தான்.

இதற்கு அஞ்சிப் பெருந்தீயில் கிண்டினால் பால் திரிந்து எண்ணெய் பிரியும், கட்டிகளும் விழும். களி முழுதும் வெந்து இறுகிவிட்டால் பழத்தோடு ஒட்டாது. ஆகவே வெண்மை மாறாத அரைவேக்காட்டிலேயே இறக்கிவிட வேண்டும்.

வாடாத இலை

பச்சையிலை மடிக்கும்போதே வெடிக்கும் என்பதால் வெயிலிலோ தணலிலோ வாட்டிக்கொள்ள வேண்டும். ஜாவாவில் இதற்கு விரும்பப்படுவது விதையுள்ள குளுதுக் வாழையின் இலை. அது மெல்லியது, எளிதில் கிழியாது.

காய்வெட்டான பழம்

துவர்க்கும். நன்கு கனிந்த ராஜா வாழையோ கெப்போக் வாழையோ வேண்டும்.

சூட்டோடு பிரித்தல்

பாதி இலையோடு போய்விடும், ஆறவிட்டுப் பிரியுங்கள்.