ஃப்ளைட் சிமுலேட்டருக்குப் பிராசசர் வாங்கும்போது பணம் எங்கே வீணாகிறது?

ஃப்ளைட் சிமுலேட்டருக்கு எந்தப் பிராசசர் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துவிட்டு, நம்மிடம் ஒரு தலையாட்டலை மட்டும் வாங்கிப் போகத்தான் வருகிறார்கள். அந்த முடிவும் திரும்பத் திரும்ப ஒரே முடிவாக இருக்கிறது: கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கூடக்கூட நல்லது. நானும் ஒரு காலத்தில் அந்த வழியாகப் போய்த் திரும்பியவன்தான் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சாக்கெட் பொருந்துமா, கூலர் கூடவே வருமா என்பதையெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், விட்டுவிடுகிறேன். சிமுலேட்டர் மற்ற கேம்களைப் போல நடந்துகொள்ளாது. அது தெரியாமல் கைக்காசைத் தொலைக்கிற இடங்கள் மட்டும் இங்கே.

கோர்களை எண்ணி வாங்குவது

இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது. 8 கோரை விட 12 நல்லது, 12ஐ விட 16 நல்லது, சிமுலேட்டர் கனமான மென்பொருள், ஆகவே 16 கோர் வாங்கினால் பல வருடத்துக்குக் கவலையில்லை என்று கணக்குப் போடுகிறார்கள். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு இந்தக் கணக்கு சரி. நமக்கு இல்லை.

விமானத்தின் சிஸ்டங்கள், காக்பிட் திரைகள், சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள், கீழே விரியும் நிலப்பரப்பு என எல்லாமே ஒரு ஃப்ரேமுக்குள் (திரையில் வரும் ஒரு படத்துக்குள்) ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அந்த ஒருங்கிணைப்பு வேலை பெரும்பாலும் மெயின் த்ரெட் என்கிற ஒற்றை இழையில் நடக்கிறது. 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃப்ரேம்) வேண்டுமென்றால் அது ஒவ்வொரு ஃப்ரேமையும் சுமார் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடித்தாக வேண்டும். 33 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 30தான், பக்கத்தில் எத்தனை கோர் இருந்தாலும். ஊர் கூடி இழுக்கிற தேர் இல்லை இது. ஒருத்தன் முடித்துக்கொடுத்தால்தான் அடுத்தவனுக்கு வேலை.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் மல்டித்ரெட்" என்று ஒரு பதில் வரும். ஓரளவுக்கு உண்மைதான். டிசிஎஸ் என்கிற சிமுலேட்டர் 2023இல் மல்டித்ரெடிங்குக்கு வந்தது, எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் 2020இல் வல்கன் என்கிற புதிய கிராபிக்ஸ் முறைக்கு மாறியது, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 தன் முந்தைய பதிப்பைவிட வேலையை நன்றாகப் பிரித்துக்கொடுக்கிறது. ஆனாலும் பெரிய விமான நிலையத்தில் சிக்கலான ஏர்லைனர் ஒன்றை இறக்கிப் பாருங்கள், மூச்சு வாங்குவது அந்த ஒற்றை இழைதான். 6லிருந்து 8 கோருக்குப் போனால் கொஞ்சம் பலன் தெரியும். அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு கோருக்கும் நீங்கள் கொடுக்கிற பணம் சிமுலேட்டருக்குப் போய்ச் சேருவதே இல்லை.

குழப்பத்துக்கு அதிகாரப்பூர்வப் பட்டியலும் ஒரு காரணம். ஃப்ளைட் சிமுலேட்டர் 2024க்கான உச்சபட்சப் பரிந்துரையில் 12 கோர் உள்ள ரைசன் 9 7900எக்ஸ் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 12 கோர் இல்லாமல் பறக்கவே முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 8 கோர் உள்ள 7800எக்ஸ்3டி (எக்ஸ்3டி என்றால் கேஷ் பெரிதாக உள்ள வகை, கீழே சொல்கிறேன்) இந்த வேலையில் அதைத் தாண்டிப் போகும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இதில் மாட்டிக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கும்போது படம் திக்கித் திக்கி வருகிறது என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த 8 கோர் பிராசசரைக் கழற்றிவிட்டு 16 கோர் வாங்கினார். மதர்போர்டும் கூடவே மாறியது. அதே ஹீத்ரோ, அதே திக்கல். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருக்கிறார், சிபியு 15 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சரி, பிராசசர் சும்மாதானே இருக்கிறது, குற்றவாளி கிராபிக்ஸ் கார்டுதான் என்று அதையும் மாற்றினார். ஃப்ரேம் ஒன்றுகூட ஏறவில்லை.

அந்த 15 சதவீதம்தான் ஆளை ஏமாற்றுகிறது. கோருக்கு இரண்டு த்ரெட், 16 கோர் என்றால் 32. அதில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 3 சதவீதம்தான். மெயின் த்ரெட் முட்டி நிற்கும்போதுகூட டாஸ்க் மேனேஜர் சாவகாசமாகத்தான் காட்டும். கோர் கூடக்கூட அந்த எண் இன்னும் குறையும், "பிராசசரில் இவ்வளவு மிச்சம் இருக்கிறதே" என்கிற மயக்கமும் கூடும்.

பார்க்க வேண்டிய இடம் வேறு. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கி எஃப்பிஎஸ் பெட்டியைத் திறந்தால், எது இழுத்துப் பிடிக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். அவருக்கு அங்கே "லிமிட்டட் பை மெயின்த்ரெட்" என்று பளிச்சென்று வந்தது. எக்ஸ்-பிளேனில் சிபியு (பிராசசர்) நேரமும் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) நேரமும் தனித்தனியாகத் தெரியும். எதுவும் வேண்டாமென்றால் ரெண்டர் ஸ்கேலை (படம் வரையப்படும் ரெசல்யூஷன்) பாதியாகக் குறையுங்கள். எஃப்பிஎஸ் அப்படியே நின்றால் கார்டு மேல் பழியில்லை, பிராசசர்தான் தடுக்கிறது. ஏறினால் தலைகீழ். இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள், எதையும்.

அவருக்குக் கடைசியில் கைகொடுத்தது டெரெயின் எல்ஓடியை (நிலப்பரப்பின் விவர அளவு) பாதியாக்கியதும் ஏஐ டிராஃபிக்கை (கணினி ஓட்டும் மற்ற விமானங்கள்) குறைத்ததும். இரண்டும் மெயின் த்ரெட்டை நேரடியாக அழுத்துகிற செட்டிங்குகள். காக்பிட் திரைகளின் ரிஃப்ரெஷ் ரேட்டும் அந்த வகைதான். காசு செலவில்லை. பழைய பிராசசரிலேயே செய்திருக்கலாம் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவருக்கே புரிந்துவிட்டது.

கிகாஹெர்ட்ஸைப் பார்த்துவிட்டு கேஷைப் பார்க்காமல் விடுவது

ரைசன் 7 5800எக்ஸின் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், 5800எக்ஸ்3டிக்கு 4.5. காகிதத்தில் பின்னது மெதுவானது. சிமுலேட்டரில் பின்னதுதான் தெளிவாக முந்துகிறது, காரணம் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான நினைவகம். முன்னதில் 32 எம்பி, பின்னதில் 96 எம்பி. சிமுலேட்டர் ஓயாமல் சின்னச் சின்னத் தரவுகளைத் தேடி எடுத்துக்கொண்டே இருக்கும், கேஷில் கிடைக்காவிட்டால் ரேம் வரைக்கும் போக வேண்டும், அதுவரை கோர் காத்துக் கிடக்கும். கேஷ் பெரிதானால் அந்தக் காத்திருப்பு குறைகிறது, படம் விட்டு விட்டு வருவதும் குறைகிறது.

எக்ஸ்3டி வாங்கப் பட்ஜெட் இல்லாதவர்கள்தான் இதில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும், ஏனென்றால் கீழ்மட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டும் 6 கோர், பெயரிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 5500இல் கேஷ் 16 எம்பிதான், 5600இல் 32. கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறேன் என்று முன்னதை வாங்கினால் சிமுலேட்டருக்கு மிகவும் வேண்டிய விஷயத்தைத்தான் பாதியாக வெட்டிக்கொள்கிறீர்கள். 8700ஜி மாதிரி உள்ளேயே நல்ல கிராபிக்ஸ் இருக்கிற வகையிலும் இதே 16 எம்பி. தனிக் கார்டு போடப்போகிறீர்கள் என்றால் அந்த வகை வேண்டாம்.

எக்ஸ்3டி என்றால் பெரியதே நல்லது என்று நினைப்பது

7900எக்ஸ்3டியில் 12 கோர் இருந்தாலும் கூடுதல் கேஷ் அதில் 6 கோருக்கு மட்டும்தான். 7950எக்ஸ்3டியிலும் பாதிக்குத்தான், அங்கே பாதி என்றால் 8 கோர். கேம் சரியான பாதியில் ஓடுகிறதா என்பதை விண்டோஸும் கேம் பாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அது எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டிலும் 8 கோரும் ஒரே கேஷைப் பகிர்கின்றன, இந்தத் தலைவலி கிடையாது. இரண்டில் கொடுத்த பணத்துக்கு மதிப்பு என்று பார்த்தால், விலை வித்தியாசம் பெரிதாக இருக்கிற வரைக்கும் என் ஓட்டு முன்னதுக்குத்தான்.

வேறு கேம்களின் பெஞ்ச்மார்க்கை நம்புவது

துப்பாக்கிச் சண்டை கேமில் 300 எஃப்பிஎஸ் எடுக்கிற பிராசசர் இங்கே என்ன செய்யும் என்பதற்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் தராது. சிமுலேட்டரிலேயே எடுத்த சோதனையாகத் தேடுங்கள், அதுவும் ஏர்லைனரை வைத்து, பரபரப்பான விமான நிலையத்தில். வயல்வெளிக்கு மேல் செஸ்னா 172 ஓட்டிக் காட்டுகிற வீடியோவில் எல்லாப் பிராசசரும் ராஜாதான். சராசரியை விட்டுவிட்டு 1% லோ எண்ணை (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) பாருங்கள், கண்ணுக்குத் திக்கலாகத் தெரிவது அதுதான். விஆரில் பறக்கப்போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட் ஃப்ரேமுக்கு 11.1 மில்லிசெகண்ட்தான் தரும், ஒரு ஃப்ரேம் தவறினாலும் தலை சுற்றலாகத் தெரிந்துவிடும்.

ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கிறதே என்று பிராசசரில் கஞ்சத்தனம் பண்ணுவது

நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே கிராபிக்ஸ் கார்டே படம் வரைந்து நுழைப்பதால் எண் ஏறும். மெயின் த்ரெட் நின்றால் படமும் நிற்கும்.

ஓவர்கிளாக் செய்து (வேகத்தை வரம்புக்கு மேல் ஏற்றி) சரிக்கட்டிவிடலாம் என்பது

முடியாது.

போர்டு பழசு என்று எல்லாவற்றையும் தூக்கிப்போடுவது

ஏஎம்4 (ரைசனின் முந்தைய சாக்கெட்) போர்டில் ரைசன் 5 3600 மாதிரி ஒன்று வைத்திருப்பவர்கள் புதுப் போர்டு, புது டிடிஆர்5, புதுப் பிராசசர் என்று இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் பெரும்பாலான ஏஎம்4 போர்டுகள் 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டையும் ஏற்கும். உங்கள் போர்டின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 5700எக்ஸ்3டியிலும் அதே 96 எம்பிதான், வேகம் மட்டும் 4.1 கிகாஹெர்ட்ஸ். நியாயமான விலைக்குக் கிடைத்தால் சிமுலேட்டர்காரர்களுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் கையில் இன்டெல் 13, 14ஆம் தலைமுறையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது

இந்தத் தலைமுறைகளின் உயர்நிலைப் பிராசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய்ச் சிப்பே தேய்ந்துபோகிற பிரச்சினை இருந்தது. 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோடு (பயாஸ் வழியாக வரும் பிராசசரின் உள்மென்பொருள்) திருத்தம் கொடுத்தது. அது மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. முன்னால் வைத்திருந்தவர் பயாஸை எப்போது அப்டேட் செய்தார் என்று கேளுங்கள், பதிலில் தயக்கம் இருந்தால் வேண்டாம்.

வாங்கி மாட்டிவிட்டு ரேமை அப்படியே விடுவது

6000 என்று பெட்டியில் போட்டிருக்கிற டிடிஆர்5 ரேம், பயாஸுக்குள் போய் எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்புகள்) இயக்காதவரை பெரும்பாலும் 4800இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்3டி பிராசசர்களில் இதன் பாதிப்பு கொஞ்சம் குறைவு, பெரிய கேஷ் தாங்கிக்கொள்ளும். சாதாரணப் பிராசசரில் நன்றாகவே தெரியும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கருவி இதையாவது ஒழுங்காகச் சொல்லும்.