கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் ஏற்புரை: புது நாவலைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மர்ம நாவல் எழுதியவர் மேடையில் அதிகம் பேசிவிடுகிறார். காதல் நாவல் எழுதியவர் பேச வேண்டியதை மறைத்துவிடுகிறார். வெளியீட்டு விழா, கல்லூரி அரங்கு, யூடியூப் நேர்காணல் என்று எங்கே போனாலும் இந்த இரண்டு கூத்தும் மாறி மாறி நடக்கின்றன. வாசகர் எதற்காகக் காசு கொடுக்கிறார் என்று யோசிக்காமல் மைக்கைப் பிடிப்பதால் வருகிற வினை இது.

மர்ம நாவலை வாங்குகிறவர் கடைசி இருபது பக்கத்துக்காக வாங்குகிறார். அதைத் தொடாமல் பேச வேண்டும். காதல் நாவலை வாங்குகிறவருக்கு முடிவு கடையிலேயே தெரியும், இருவரும் சேரப்போகிறார்கள். சேரவிடாமல் நடுவில் நிற்பது என்ன என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதை எழுத்தாளர் வெளிப்படையாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பலர் "சேர்ந்தார்களா இல்லையா என்பதை நாவலில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று புதிர் போடுகிறார்கள். காதல் நாவல் வாசகருக்கு அது புதிர் இல்லை, மிரட்டல். சோக முடிவோ என்று பயந்து புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்.

வினைமுற்று செய்யும் துரோகம்

தமிழில் மர்ம நாவலைப் பற்றிப் பேசுவது கயிற்றின் மேல் நடப்பது போல. நம் வினைச்சொல்லின் வாலிலேயே ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கொலையாளி ஏன் அந்த ஜன்னலைத் திறந்து வைத்தாள் என்பதுதான் கதையின் முடிச்சு" என்று எழுத்தாளர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாவலில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர், அதில் பெண்கள் இருவர் என்றால், நான்கு பேர் அந்த இடத்திலேயே விடுதலை. எழுதும்போது கவனமாக "யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்" என்று எழுதியவரே பேசும்போது வழுக்கிவிடுவார். காரணம் எளிது: அவருக்கு விடை தெரியும். தெரிந்ததை நாக்கு சொல்லிவிடும்.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. மேடைத் தமிழில் "கொலை செய்தவர்", "திறந்து வைத்தவர்" என்று மரியாதை விகுதியில் பேசினால் பால் மறைந்துவிடும். பேச்சுத் தமிழ் என்றால் இன்னும் வசதி. "கொன்னவங்க" என்பதில் ஆண், பெண், ஒருவர், பலர் எதுவும் தெரியாது. அல்லது ஆளையே விட்டுவிட்டு "கொலை நடந்த ராத்திரி ஜன்னல் திறந்திருந்தது" என்று நிகழ்ச்சியை மட்டும் சொல்லலாம். நேர்காணலுக்கு முந்தின நாள் யாரையாவது எதிரே உட்காரவைத்துப் பத்து கேள்வி கேட்கச் சொல்லி, போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். ஆன், ஆள் விகுதி எங்கெங்கே தப்பி விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

வினைச்சொல்லின் நடுவில் காலம் காட்டும் இடைநிலையும் சும்மா இருக்காது. உயிரோடு இருக்கிற பாத்திரங்களை எல்லாம் "இவர் தறி வைத்திருக்கிறார்", "இவர் வக்கீலாக இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே வந்து, ஒருவரை மட்டும் "ரொம்ப நல்ல மனுஷராக இருந்தார்" என்றால், இரண்டாவது பிணம் யாருடையது என்று முன்வரிசைக்குத் தெரிந்துவிடும். கதையைச் சொல்லும்போது எல்லாரையும் நிகழ்காலத்திலேயே வைத்திருங்கள்.

மறுத்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். கேள்வி நேரத்தில் யாராவது, "சார், அந்தத் தம்பிக்காரன்தானே?" என்று கேட்பார். "இல்லை இல்லை, அவர் இல்லை" என்று சிரித்தபடி சொன்னாலும் ஒரு ஆள் குறைந்துவிட்டார். நாலு பேர் இப்படிக் கேட்டால் மிச்சம் நிற்பவர்தான் விடை. சரியாக ஊகித்தவருக்கும் தவறாக ஊகித்தவருக்கும் சொல்ல ஒரே பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். "அதைப் படித்தவர்களோடு விழா முடிந்ததும் தனியாகப் பேசலாம்" என்பது போதும். முகபாவமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

"எதிர்பாராத திருப்பம்" என்று சொல்லவே கூடாது

பலருக்கு இது வீம்பாகத் தெரியும். ஆனால் திருப்பம் இருக்கிறது என்று சொல்வதே பாதி திருப்பத்தைக் கொடுத்துவிடுவதுதான். "யாருமே நினைத்துப் பார்க்காத ஒருவர்தான் கொலையாளி" என்று சொன்னால், வாசகர் முதல் பக்கத்திலிருந்தே நினைத்துப் பார்க்க முடியாத ஆளைத் தேட ஆரம்பிப்பார்: சாதுவான டாக்டர், சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டி, கதை சொல்பவரே. மூன்று ஊகத்தில் ஒன்று சரியாக விழும். லண்டனில் 1952-இல் அரங்கேறிய ஒரு மர்ம நாடகம், கொரோனா காலத்தில் நின்றது போக, இன்றைக்கும் ஓடுகிறது. ஒவ்வொரு காட்சி முடிவிலும் பார்வையாளர்களிடம் ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். நாடகம் முடிந்த பிறகு. நம் ஊரில் ரகசியம் இருக்கிறது என்று படிக்கும் முன்பே தண்டோரா போடுகிறோம்.

திருப்பத்துக்குப் பதிலாகப் பொருந்தாத ஒரு விவரத்தைச் சொல்லுங்கள். கற்பனையாக ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அறிமுகம் இப்படி இருக்கும்: "பணம், பாசம், பழிவாங்கல் என்று விறுவிறுப்பாகச் செல்லும் கதை. பல திடுக்கிடும் திருப்பங்கள் உண்டு." இதை எந்த நாவலின் பின்னட்டையிலும் ஒட்டலாம். இப்போது இதைப் பாருங்கள்: "ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. காலையில் கிடங்கைத் திறந்தால் கணக்குப்பிள்ளை செத்துக் கிடக்கிறார். முந்தின நாள் ராத்திரி அவர் கையால் எழுதிய கணக்கில் 212 மூட்டை. போலீஸ் எண்ணுகிறது. 213 இருக்கிறது." நாலைந்து சின்ன வாக்கியம், இருபது விநாடிகூட ஆகாது. ஒரு மூட்டை குறைந்திருந்தால் திருட்டு, அதில் கதை இல்லை. கூடியிருப்பதால்தான் கேட்பவர் நிமிர்கிறார். நாவலில் இந்த மாதிரி விவரம் முதல் கால் பாகத்துக்குள் எங்கே இருக்கிறது என்று தேடி எடுங்கள். 240 பக்க நாவலில் 60-ஆம் பக்கத்தைத் தாண்டி நடப்பது எதையும் மேடைக்குக் கொண்டுவர வேண்டாம்.

எழுத்தாளர் வாயைக் கட்டினாலும்

மற்றவர்கள் கட்டமாட்டார்கள். சிறப்புரைக்கு வருகிற பிரமுகர் நாவலை முழுதாகப் படித்துவிட்டார் என்பதை நிரூபிக்க ஒரே வழி, முழுக் கதையையும் சொல்வதுதான் என்று நினைப்பார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அழைப்பிதழோடு அரைப் பக்கக் குறிப்பு ஒன்று கொடுத்துவிடுங்கள். அதில் மூன்றே விஷயம்: எந்த அத்தியாயம் வரை பேசலாம், எந்த இரண்டு பாத்திரங்களின் உறவைத் தொடக்கூடாது, அவர் எதைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும். மூன்றாவதை எழுதாமல் முதல் இரண்டை மட்டும் எழுதினால் மனிதர் சங்கடப்படுவார். "மண்டி வாழ்க்கையைப் பற்றி நீங்கள் பேசினால் பொருத்தமாக இருக்கும்" என்று ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் மகிழ்ச்சியாகச் செய்வார்.

அணிந்துரையும் இதே கதைதான். புத்தகத்தின் முகப்பிலேயே நாலு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் வந்துவிடுகிறது. மர்ம நாவலுக்கு வாங்கிய அணிந்துரையில் முடிவு தெரிந்தால் அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி "பின்னுரை" என்று தலைப்பு மாற்றுங்கள். எழுதியவருக்கும் மரியாதை, வாசகருக்கும் நிம்மதி.

இன்னொன்று, நிகழ்ச்சி நிரல். வரவேற்புரை, தலைமையுரை, ஐந்து வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, அதன் பிறகு ஏற்புரை. ஆறு மணிக்குத் தொடங்கிய விழாவில் எழுத்தாளர் எட்டேகாலுக்கு மைக் முன்னால் வரும்போது பாதி நாற்காலி காலி. வாழ்த்துரையை மூன்றாகக் குறைத்து, எழுத்தாளர் வாசிக்கும் பகுதியை முதல் அரைமணிக்குள் வைத்துவிட்டால், புத்தக மேசையில் நிற்கும் கூட்டத்தில் வித்தியாசம் தெரியும்.

காதல் நாவலில் தடையைச் சொல்லுங்கள்

"மென்மையான காதல் கதை" என்பது அறிமுகமே அல்ல. கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடை இரண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர். பெயர் யாருக்குச் சொந்தம் என்று பதினொரு வருடமாக வழக்கு. அவளுடைய அப்பா வாதி, அவனுடைய அப்பா பிரதிவாதி. எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் ஒரு வீட்டில் அடுப்பு அணையும். இதுவும் கற்பனை நாவல்தான், ஆனால் இவ்வளவு சொன்னால் போதும். அவர்கள் எப்படியும் சேர்வார்கள் என்று தெரிந்தே, அது எப்படி முடியும் என்று வாசகர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இங்கே பேச்சு ஒரு சோதனையாகவும் ஆகிவிடுகிறது. தடையை இரண்டு வாக்கியத்தில் சொல்லவே முடியவில்லை, "ஒரு சின்ன தப்பபிப்பிராயம், அதனால் பிரிந்துவிடுகிறார்கள்" என்றுதான் சொல்ல வருகிறது என்றால், குறை பேச்சில் இல்லை. ஒரு போன் பண்ணினால் தீர்கிற பிரச்சினையை 300 பக்கம் இழுத்திருக்கிறோம். வெளியீட்டுக்கு முன்பே யாரிடமாவது வாய்மொழியாகச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இணையத் தொடர்களில் கட்டாயக் கல்யாணம், முரட்டு நாயகன் வகைக் கதைகளுக்குப் பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. அப்படி எழுதியிருந்தால் அப்படியே சொல்லிவிடுவது நல்லது. "குடும்பக் கதை" என்று சொல்லி விற்றால் முதல் வாரத்திலேயே ஒற்றை நட்சத்திர விமர்சனம் வரும், அது நியாயமும்கூட.

வாசிக்கும் பகுதி

உரக்க வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள் போகும். ஐந்து நிமிடம் என்றால் 500 சொல், அச்சில் இரண்டு பக்கம் சொச்சம். அதற்கு மேல் கூட்டம் தாங்காது. முதல் அத்தியாயத்தின் மழை வர்ணனையை வாசிக்காதீர்கள். ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசும் காட்சியும் வேண்டாம், யார் பேசுகிறார்கள் என்று காதுக்குத் தெரியாது. இரண்டு பேர் இருக்கும் காட்சிதான் மேடைக்கு ஏற்றது. மர்ம நாவல் என்றால் முதல் விசாரணை. காதல் நாவல் என்றால், "நீங்க" முதல் தடவையாக "நீ" ஆகிற இடம். அந்த ஒரு சொல் மாறும்போது அரங்கில் ஒரு சின்னச் சலசலப்பு எழும். அதற்கு முன் நாலு வரியாவது "நீங்க" என்று வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறியதே தெரியாது.

போன் திரையைப் பார்த்து வாசிப்பதைத் தவிருங்கள். அழைப்பு வரும், வெளிச்சம் அணையும். 16 புள்ளி எழுத்தில் அச்சடித்து, மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணினேன்"

இதைச் சொன்ன அடுத்த நிமிடமே கூட்டத்தில் ஓய்வுபெற்ற போலீஸ்காரரோ வக்கீலோ கை தூக்குவார். மர்ம நாவல் எழுதியவர்கள் மேடையில் அகப்படும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே.

முதலாவது, "302". 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு இப்போது 103. அந்தத் தேதிக்கு முன் நடந்த கொலை என்றால் 302 சரிதான், ஆகவே கதை நடக்கும் ஆண்டைத் தீர்மானித்துக்கொண்டு பேசுங்கள். சந்தேக மரணத்துக்கு "174 போட்டிருக்காங்க" என்று சொல்வதும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம். புதியதில் அது 194. காவல் நிலையத்துப் பேச்சில் பழைய எண்கள் இன்னும் புழங்கலாம், அதனால் பாத்திரத்தின் வாயில் வந்தால் குற்றமில்லை. எழுத்தாளர் தன் வாயால் சொல்லும்போதுதான் சிக்கல்.

அடுத்தது, ராத்திரி பதினோரு மணிக்குப் பிரேதப் பரிசோதனை. சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வந்தால் மட்டும் விலக்கு. அதாவது மர்ம நாவலுக்கு வேண்டிய எல்லாப் பிணத்தையும் காலை வரை காக்கவைத்துவிட்டார்கள்.

உண்மை அறியும் ஊசி போட்டு வாயைப் பிடுங்கும் காட்சியும் 2010-க்குப் பிறகு நடப்பதாக எழுதினால் கேள்வி வரும். சம்மதமில்லாமல் அந்தச் சோதனை கூடாது என்று அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டரிடம் கொலையாளி கண்ணீரோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதும் நீதிமன்றத்தில் நிற்காது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். நல்ல எழுத்தாளர் இதையே கதைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கைக்குட்டையில் குளோரோஃபார்ம் நனைத்து மூக்கில் வைத்ததும் மயக்கம் என்பதைப் பற்றி டாக்டர் யாராவது கேட்டால், விவாதிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அதற்குச் சில நிமிடங்கள் விடாமல் முகர வைக்க வேண்டும்.

தெரியாத கேள்விக்கு, "இது எனக்குத் தெரியவில்லை, அடுத்த பதிப்பில் திருத்தப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டால் அந்தப் போலீஸ்காரரே அடுத்த நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கொடுப்பார். விழா முடிந்ததும் அவர் போன் நம்பரை வாங்க மறந்துவிடாதீர்கள்.