சுண்டெலி டிஎன்எஃப்-ஆல்ஃபா: குப்பியைத் திறப்பதிலிருந்து செல்லில் சேர்ப்பது வரை

இந்தக் குப்பியை முதன்முதலாகக் கையில் வாங்குபவர் பெரும்பாலும் கேட்பது, "உள்ளே எதுவுமே இல்லையே?" என்பதுதான். உறையவைத்து உலர்த்திய 10 மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குத் தெரியாது. சுவரில் மெல்லிய படலமாகவோ மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். காலிக் குப்பி என்று நினைத்து ஒரு மாணவர் குப்பையில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

டிஎன்எஃப்-ஆல்ஃபா அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் புரதம். ஆய்வகத்துக்கு வருவது பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த மறுசேர்க்கைப் புரதம். ஒரு சங்கிலி சுமார் 17 கிலோடால்டன். மூன்று சங்கிலிகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். மனித டிஎன்எஃப் கைவசம் இருக்கிறதே, அதையே சுண்டெலி செல்லுக்குப் போடலாமா? வேண்டாம். செல்லின் மேல் டிஎன்எஃப்பைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு வகை. மனித டிஎன்எஃப் சுண்டெலியின் முதல் ஏற்பியில் பொருந்தும், இரண்டாவதில் பொருந்தாது. பாதி விடைதான் கிடைக்கும்.

சரி, வேலையைத் தொடங்குவோம். மூடியைத் திறக்கும் முன் குப்பியைச் சென்ட்ரிஃபியூஜில் சில விநாடிகள் சுற்றுங்கள். மூடியில் இருப்பதெல்லாம் அடியில் இறங்கிவிடும். அப்புறம், கூடவே வந்த தகவல் தாளில் சொல்லியிருக்கும் கிருமி நீக்கிய நீரையோ பஃபரையோ 100 மைக்ரோலிட்டர் எடுத்து, குப்பியின் சுவர் வழியாக மெதுவாக விடுங்கள். வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். குப்பியை மெல்லச் சாய்த்துச் சுழற்றி, சில நிமிடங்கள் அப்படியே வையுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கரைசல்.

அதை அன்றைக்கே பத்துப் பத்து மைக்ரோலிட்டராகச் சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு முறை உருக்கிய குழாயைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. குழாயில் தேதியும் லாட் எண்ணும் எழுதுங்கள்.

சோதனை நாளில் இரண்டு படியாக நீர்க்கச் செய்யுங்கள். 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்டத் திரவம்) கலந்தால் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் மீடியத்தில் கலந்தால் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். பல செல்களுக்குத் தொடக்கத்தில் இந்த அளவு போதும். சீரம் இல்லாத மீடியம் என்றால் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின் புரதம்) சேருங்கள். அது இல்லையென்றால், இவ்வளவு குறைந்த செறிவில் டிஎன்எஃப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்; செல்லுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்றே தெரியாமல் போகும்.

இனி வருவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஈ.கோலையில் செய்த புரதத்தில் எண்டோடாக்சின் (அந்த பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சு) துளியளவு மிஞ்சியிருக்கலாம். மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் அதற்கும் அழற்சியோடுதான் பதில் சொல்லும். அதனால் செல் வளர்க்கும் தட்டில் வெறும் பஃபர் சேர்த்த கிணறு (குழி) ஒன்று, 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிய டிஎன்எஃப் சேர்த்த கிணறு ஒன்று, இரண்டும் கட்டாயம் வேண்டும். வெப்பத்தில் புரதம் செயலிழந்துவிடும். எண்டோடாக்சின் தாங்கி நிற்கும். சூடாக்கிய கிணற்றிலும் செல்கள் அதேபோலத் தூண்டப்பட்டால், நீங்கள் பார்த்தது டிஎன்எஃப்பின் விளைவு அல்ல.

விளைவைப் பார்க்க, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஐகப்பாபி-ஆல்ஃபாவைத் தேடுங்கள். டிஎன்எஃப் வேலை செய்தால் செல்லுக்குள் சிதைந்துபோகும் புரதம் அது. 15 முதல் 30 நிமிடத்துக்குள் அந்தப் பட்டை மங்கும். ஒரு மணி நேரம் கழித்துச் செல்களை எடுத்தால் பட்டை திரும்ப வந்திருக்கக்கூடும். டிஎன்எஃப் வேலையே செய்யவில்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள். 0, 15, 30, 60 நிமிடம் என நான்கு நேரங்களில் செல்களை எடுங்கள்.