ராசியான காடு சித்திரையிலேயே தயாராகிறது

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமை செய்கிறவன் நான். ஐப்பசியில் என் சோளம் வரிசை பிடித்து நிற்பதைப் பார்க்கிறவர்கள், "உனக்கு ராசியான காடுய்யா" என்பார்கள். அதே மழை பக்கத்துக் காட்டிலும்தான் பெய்கிறது. புதிதாக மானாவாரிக்கு வருகிறவர்களுக்காக, அந்த ராசி எங்கிருந்து வருகிறது என்று எழுதுகிறேன்.

கோடை மழை ஒன்று பெய்து ஈரம் இறங்கியதும் உழுதுவிடுங்கள். 'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று பெரியவர்கள் சொன்னதில் மிகையே இல்லை. மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் பறவைகளுக்கும் போய்விடும். கோரைக்கிழங்கு காயும். அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். சரிவுக்குக் குறுக்கேதான் உழ வேண்டும். டிராக்டர் ஓட்டுகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டு, கூடவே நில்லுங்கள். சரிவோடு உழுதால் தண்ணீர் உழவுப் பள்ளமான சால் வழியே காட்டை விட்டுப் போய்விடும். நல்ல மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆவணியில் விதையைப் பாருங்கள். நான் போடுவது கே 12 சோளம், எங்கள் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து ரகம். 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ணுங்கள். 75க்குக் கீழே போனால் அந்த விதை வேண்டாம்.

அப்புறம் விதையைக் கடினப்படுத்த வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் 6 மணி நேரம் ஊறவைத்து, ஊறுவதற்கு முன் இருந்த பதத்துக்கு வரும்வரை நிழலில் காய வையுங்கள். வெயிலில் போடவே கூடாது. இப்படிச் செய்த விதை, முளைத்த பின் மழை இடைவெளி விட்டாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இனி முக்கியமான இடம். பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த புழுதியில் விதைத்துவிடுங்கள். நிறையப் பேர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஆழம் 5 சென்டிமீட்டர் இருந்தால் பயம் வேண்டாம். சிறு தூறல் மேல்மண்ணை மட்டும் நனைக்கும். விதை ஏமாந்து முளைக்காது. 20 மில்லிமீட்டர் அளவுக்கு நல்ல மழை இறங்கினால்தான் ஈரம் அதைத் தொடும். மழைக்குப் பிறகு விதைக்கலாம் என்று காத்திருப்பவர் நிலைமை வேறு. கரிசல் நனைந்தால் காலை எடுத்து வைக்க முடியாது. மண் பதத்துக்கு வரும்போது ஊரே ஒன்றாக டிராக்டரையும் ஆளையும் தேடும். அவர் விதைக்கிற அன்றைக்கு என் காட்டில் பயிர் தலைகாட்டியிருக்கும். பெய்த முதல் மழை முழுவதும் அதற்குச் சொந்தம்.

மழை பொய்க்கிற வருஷமும் உண்டு. அதற்குப் பயிர்க் காப்பீடு செய்யுங்கள். நம் புரட்டாசி விதைப்பு சேரும் ராபி பருவத்தில், உணவுப் பயிருக்கு நாம் கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் சான்று) வாங்கி, சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் ஆவணம்), ஆதார், வங்கிப் புத்தக நகலோடு ஒரே கவரில் வையுங்கள். கடைசித் தேதி வரை தள்ளினால் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும்.