பழைய ரைஸ்மில் இடத்தில் கடை போடலாமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் ஓட்டம் நின்ற ரைஸ்மில்லைக் கடையாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் சர்வே எண்ணைக் கையில் எடுங்கள். பட்டாவில் நஞ்சை, மனை என்று இருப்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. முழுமைத் திட்டத்தில் (நகரின் மாஸ்டர் பிளான்) அந்த இடம் குடியிருப்பா, வணிகமா, தொழிலா, விவசாயமா என்பது தனிக் கணக்கு. கட்டட அனுமதிக்கு அதைத்தான் பார்ப்பார்கள்.

பட்டா, புலப்பட (சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் வரைபடம்) நகலோடு உள்ளூர் திட்டக் குழுமத்தில் நில உபயோகம் என்னவென்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுமைத் திட்டத்தின் சர்வே எண் பட்டியலில் பெரும்பாலும் உட்பிரிவுக்கு முந்தைய எண்தான் இருக்கும். 112/3பி கிடைக்காவிட்டால் 112-ஐத் தேடச் சொல்லுங்கள். டவுன் சர்வே எண் இருந்தால் பழைய கிராம எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

'தொழில் பகுதி' என்று பதில் வந்தால், "கடை போடலாமா" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒவ்வொரு பகுதிக்கும் அனுமதிக்கும் உபயோகங்களைத் தனியாகச் சொல்கின்றன. குடோன், ஹார்டுவேர் கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வராது. பரப்பளவு, மோட்டார் குதிரைத்திறன், கூடும் ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் எழுதிக் கேளுங்கள். அனுமதிக்கும் உபயோகங்களில் உங்கள் தொழில் இல்லையென்றால் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 32(4)-இன்படி நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆணை கைக்கு வந்த பிறகே வாடகை தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

2020-இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடையைத் தடுக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அது தடை செய்வது எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றைத்தான். பெரிய கோயில், தாராசுரம் கோயில் அருகே இடம் என்றால் கவலை வேறு: தொல்லியல் துறை பாதுகாக்கும் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் பொருந்தினாலும் பக்கத்து மில் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். சித்திரையில் வந்து பார்த்தால் தெரு அமைதியாகத்தான் இருக்கும். குறுவை, சம்பா நெல் வரும் மாதங்களில் வாருங்கள்: வரிசையில் நிற்கும் லாரிகள், ஊறல் தொட்டித் தண்ணீரின் நாற்றம், காற்றில் உமிச் சாம்பல். இரும்புக் கடைக்கு இது பொருட்டில்லை. ஓட்டலும் கிளினிக்கும் அங்கே நிற்காது. சத்தத்திலும் இதே சிக்கல்தான்: தொழில் பகுதியில் பகலில் 75 டெசிபல் வரை விடுவார்கள், வணிகப் பகுதியில் 65 மட்டுமே. மில் தன் வரம்புக்குள் ஓடும்போது உங்கள் புகார் எடுபடாது. மண்டபத்துக்குக் கூடுதலாகத் தாசில்தாரிடம் பொதுக் கட்டட உரிமமும் தேவை.

டெல்டாவில் மில் முகப்புக்கும் ரோட்டுக்கும் நடுவே வாய்க்கால் ஓடுவது சகஜம். புலப்படத்தில் உள்ள அகலத்தைச் சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். முன்னால் இருக்கும் சிறுபாலம் அனுமதியில்லாமல் போட்டதாக இருந்தால், வண்டி உள்ளே வரும் ஒரே வழியே ஆக்கிரமிப்பாகிவிடும். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் வரைபடத்தில் அந்தப் பாலத்தைக் காட்டாதீர்கள்.

கடைசியாக மின் இணைப்பு. மில்லின் தொழில் கட்டண இணைப்பிலேயே கடை நடத்தினால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி இரு மடங்கு கட்டணம் கணக்கிடுவார்கள். கடை திறக்கும் முன்பே வணிகக் கட்டணத்துக்கு மாற்ற மனுக் கொடுங்கள். பழைய பாக்கி இருந்தால் அதை உரிமையாளர் கட்டி ரசீது தரட்டும்.