ட்ரம்ப் பேச்சை அரிஸ்டாட்டிலை வைத்து அலசும்போது சறுக்கும் இடங்கள்

பழைய கிரேக்கப் பேச்சுக்கலையை வைத்து இன்றைய வலதுசாரித் தலைவர்களின் பேச்சை அலசுபவர்கள், உத்திக்குப் பெயர் சொன்னதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். 2017 நவம்பரில் ட்ரம்ப், “கிம் ஜாங் உன் என்னைக் கிழவன் என்கிறார், நான் அவரைக் குள்ளன், குண்டன் என்று ஒருபோதும் சொல்லமாட்டேனே” என்ற பொருளில் ட்வீட் போட்டார். சொல்லமாட்டேன் என்றபடியே சொல்லிவிடும் இதற்குப் பாராலிப்சிஸ் என்று பெயர். பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவும் கையாண்டதுதான். சரி, அதனால் பேசியவருக்கு என்ன லாபம்? வசையும் போய்ச் சேர்ந்தது, ‘நான் திட்டவில்லையே’ என்று நழுவவும் வழி இருக்கிறது. இதைச் சொன்னால்தான் அலசல்.

இதைவிடப் பெரிய தவறு, “வெறும் உணர்ச்சி, தர்க்கமே இல்லை” என்று ஒதுக்குவது. தர்க்கம் இருக்கிறது, பாதியைப் பேசுபவர் சொல்லாமல் விட, கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். அரிஸ்டாட்டில் இதை என்திமீம் என்கிறார். 2015 ஜூன் 16 அன்று ட்ரம்ப், மெக்சிகோ தன் மக்களை ‘அனுப்பும்போது’ சிறந்தவர்களை அனுப்பவில்லை என்றார். அந்த வினைச்சொல்லைப் பாருங்கள். பிழைப்பு தேடித் தானாக வந்த மனிதர் அதில் காணாமல் போகிறார். ஒரு நாடு தள்ளிவிட்ட சரக்காகிவிடுகிறார். அனுப்பியது மெக்சிகோ என்றால், எல்லையில் ட்ரம்ப் கட்டுவேன் என்ற சுவருக்கான செலவும் அதன் தலையில்தானே? அதனால்தான் பிறகு நடந்த பிரசாரக் கூட்டங்களில் “யார் பணம் கொடுப்பார்கள்?” என்று அவர் கேட்டதும் கூட்டமே “மெக்சிகோ!” என்று முழங்கியது. எழுத்துவடிவத்தை மட்டும் படித்தால் இந்தப் பதில் கண்ணில் படாது. காணொளியையும் பாருங்கள்.

அப்புறம் ஈதோஸ், அதாவது பேச்சாளர்மேல் கேட்பவருக்கு வரும் நம்பிக்கை. “பொய் சொல்கிறவருக்கு ஏது ஈதோஸ்?” என்று கேட்கிறார்கள். அரிஸ்டாட்டில் சொன்னது பேச்சாளரின் நற்சான்றிதழை அல்ல, பேச்சுக்குள்ளேயே உருவாகும் நம்பிக்கையை. 2016இல் கிளீவ்லாந்தில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், இந்த அமைப்பை என்னைவிட அறிந்தவர் இல்லை, அதனால் என்னால் மட்டுமே சரிசெய்ய முடியும் என்றார் ட்ரம்ப். உள்ளே இருந்து பார்த்தவன் என்பதே அந்த அரங்கில் அவருக்குத் தகுதியானது.

கடைசியாக, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பேசினாலே பாப்புலிசம் (‘மக்கள் பக்கம் நான், மேல்தட்டுக்கு எதிரி’ என்னும் அரசியல்) என்று முத்திரை குத்தாதீர்கள். ஒபாமாவும் 2008இல் “நம்மால் முடியும்” என்று அடுக்கினார். பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதா என்ற வாக்கெடுப்பின் முடிவு வந்துகொண்டிருந்த 2016 ஜூன் 24 அதிகாலையில், விலக வேண்டும் என்று பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜும் மூன்று முறை அடுக்கினார்: உண்மையான மக்களின் வெற்றி, சாதாரண மக்களின் வெற்றி, கண்ணியமான மக்களின் வெற்றி. கவனிக்க வேண்டியது ‘உண்மையான’ என்ற சொல்லை. எதிர்த்து வாக்களித்த 48 சதவீதத்தினரை அது மக்கள் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது.