‘ஹுக்’ என்பது கொக்கி மட்டுமல்ல

‘ஹுக்’ என்றால் கொக்கி. அதுவரை யாருக்கும் குழப்பமில்லை. பக்கத்தில் அப், ஆஃப், ஆன் என்று ஒரு பொடிச்சொல் வந்து ஒட்டியதும்தான் வம்பு.

அதிகமாக மானத்தை வாங்குவது ‘ஹுக் அப்’. பிரிண்டரைக் கணினியோடு இணைப்பதற்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கூட வேலை செய்பவரிடம், சும்மா சந்திக்கலாம் என்று நினைத்து “லெட்ஸ் ஹுக் அப்” என்று சொல்லிவிடாதீர்கள். ஆட்களைப் பற்றிப் பேசும்போது, முக்கியமாக அமெரிக்கப் பேச்சில், உடலுறவு என்ற பொருள்தான் முதலில் தோன்றும். ‘மீட்’ என்ற சொல்லே போதும். அதில் எந்த ஆபத்தும் இல்லை. இதே வகையில் மாட்டிவிடும் இன்னொன்று ‘ஹுக்கர்’. ரக்பி யூனியன் ஆட்டத்தில் 2ஆம் எண் சட்டை போடும் ஆட்டக்காரருக்கு அதுதான் பெயர். மைதானத்துக்கு வெளியே, பாலியல் தொழிலாளியைக் குறிக்கும் கொச்சைச் சொல்.

‘ஆஃப் த ஹுக்’ கொஞ்சம் வேடிக்கையானது. ஒருவரை “லெட் ஆஃப் த ஹுக்” என்றால், தண்டனையிலிருந்தோ பொறுப்பிலிருந்தோ தப்பவிட்டார்கள் என்று பொருள். குற்றமற்றவர் என்று நிரூபணமானவருக்கு இதைச் சொன்னால், ‘எப்படியோ தப்பித்துவிட்டார்’ என்ற தொனி வந்துவிடும். போன் ‘ஆஃப் த ஹுக்’ என்றால் ரிசீவர் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, அழைப்பு வராது. ஆனால் ‘ரிங்கிங் ஆஃப் த ஹுக்’ என்றால் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது! பழைய போன்களில் ரிசீவரைக் கொக்கியில்தான் மாட்டுவார்கள். அந்தப் போன்கள் போய்விட்டன, சொல் மட்டும் தங்கிவிட்டது.

‘ஆன் த ஹுக் ஃபார்’ என்று வந்தால் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். எதற்காவது அடிமையாகிவிட்டதைச் சொல்ல ‘ஹுக்டு டு’ வேண்டாம், ‘ஹுக்டு ஆன்’ தான் சரி. ‘டு’ வருவது கருவியோடு இணைக்கும்போது.

‘எப்படியாவது’ என்ற பொருளில் ‘பை ஹுக் ஆர் பை குருக்’ 14ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்குகிறது. அதிலுள்ள குருக், மோசடிக்காரர் அல்ல, வளைந்த கோல். ஆனாலும் ‘நேர்வழியோ குறுக்குவழியோ’ என்ற வாடை அடிப்பதால், வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது.

‘ஹுக், லைன் அண்ட் சிங்க்கர்’ முழுவதும் தூண்டில் சாமான்: முள், நரம்பு, ஈயக்குண்டு. பொய்யை அப்படியே நம்பி ஏமாந்தவருக்குத்தான் பொருந்தும். வேலையை முழுசாக முடித்தேன் என்பதற்கெல்லாம் இதைப் போடக்கூடாது.

அப்புறம், உச்சரிப்பு. நாம் ‘ஹூக்’ என்று இழுக்கிறோம். ‘புக்’, ‘லுக்’ போல அதுவும் குறில்தான்.